பிளாட்டிலிருந்து பக்கத்துத் தாமானுக்கு: கார் போதுமா, லோரியா, கம்பெனியா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் பிளாட்டிலிருந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்கு வீடு மாறுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "பக்கத்துத் தாமானுக்குத்தானே போறோம், இதுக்குப் போய் லோரி பிடிக்கணுமா? காரிலேயே நாலு நடை அடிச்சா முடிஞ்சிடாதா?" கூடவே வீட்டுக்கார அம்மாவின் கேள்வியும் வரும்: "பேசாம கம்பெனிக்காரங்களையே வரச் சொல்லி, அவங்களையே எல்லாத்தையும் கட்டச் சொன்னா என்ன?"

மூன்று வழியிலும் வீடு மாறலாம். ஆனால் தூரத்தை வைத்து முடிவு செய்தால் கணக்கு தப்பும். வண்டி ஓடுவது இருபது நிமிடம்தான். கட்டுவது, மாடி இறக்குவது, மறுபடி ஏற்றுவது எல்லாம் ஈப்போவுக்குப் போனாலும் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் ஒரே வேலைதான். தோட்டத்தில் இருந்தபோது ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு மாறுவது அரை நாள் காரியம். தோட்டத்து டிராக்டர் வரும், பக்கத்து வீட்டுப் பையன்கள் கை கொடுப்பார்கள், இறங்க நாலு மாடிப் படியும் கிடையாது. அந்த ஞாபகத்தில் பிளாட்டைக் காலி செய்யப் போகிறவர்கள்தான் மதியத்துக்குள் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

## முதலில் பார்க்க வேண்டியவை

சாவி. பழைய வீட்டுச் சாவியும் புது வீட்டுச் சாவியும் ஒன்றாக எத்தனை நாள் உங்கள் கையில் இருக்கும்? லோரி விலை பேசுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் இருந்தால் வழிகள் நிறைய. ஒரே நாள் என்றால் கார் யோசனையை அப்போதே விட்டுவிடலாம். வாடகை 600 வெள்ளி (ரிங்கிட்) என்றால் ஒரு நாளைக்கு 20 வெள்ளி. ஐந்து நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கினால் 100 வெள்ளி. வீண் செலவாகத் தோன்றும், ஆனால் அந்த ஐந்து நாளில் உடையும் சாமான்களையெல்லாம் நிதானமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். புது வீட்டுக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, வாடகை தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே சாவியைத் தருவதும் உண்டு. வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

படி. மலிவு விலை பிளாட் என்றால் வழக்கமாக மூன்று அறை, 650 சதுர அடி. நம் பக்கத்தில் நாலைந்து மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் இல்லாதவை நிறைய. வீடு சின்னது என்பதால் சாமான் குறைவு என்று நினைக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, பின்பக்கத் துணி காயும் இடத்தில் என்று எல்லாம் அடைத்து வைத்திருப்போம். படி திரும்பும் இடத்தை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்று கதவு அலமாரி வாங்கியபோது பலகை பலகையாக மேலே வந்தது, அறைக்குள் வைத்துத்தான் பொருத்தினார்கள். அதை முழுசாகத் தூக்கிக்கொண்டு இறங்கினால் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித்தான் திருப்ப வேண்டும். தூள் பலகையில் செய்த அலமாரியாக இருந்தால் இன்னொரு தொல்லை: ஒரு முறை கழற்றி மாட்டினாலே திருகு பிடி தளர்ந்துவிடும். பழசாகிவிட்ட அலமாரியை அங்கேயே கொடுத்துவிட்டுப் போவது பல நேரம் லாபம்.

ஆள். கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை 1996இல் திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஷிப்ட் வேலைதான் வாழ்க்கை. மச்சான் இரவு ஷிப்ட், தம்பி பகல் ஷிப்ட். இரண்டு பேரையும் ஒரே காலையில் ஒரே இடத்தில் பார்ப்பதே கஷ்டம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவரைப் பிரிட்ஜ் தூக்கச் சொல்வது நியாயமும் இல்லை.

காசு. கையை விட்டுப் போகும் காசு ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் போகும் காசு இன்னொன்று. இரண்டாவதை ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே சொல்கிறேன்.

## சொந்தக் காரில் கொஞ்சம் கொஞ்சமாக

மைவியோ சாகாவோ, வீட்டில் ஒரு கார் இருக்கும். பின் சீட்டை மடித்துவிட்டால் மைவியில் நல்ல இடம் கிடைக்கும். வேலை முடிந்து வரும்போது ஒரு நடை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை.

இதில் பெரிய நன்மை, பெட்டியே அவ்வளவாக வேண்டாம். துணியை ஹாங்கரோடு அள்ளிப் பின் சீட்டில் படுக்க வைக்கலாம். தட்டுகளைத் துண்டில் சுற்றிக் கூடையில் நிறுத்தி வைக்கலாம். போன உடனே அலமாரியில் அடுக்கிவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பலாம். கட்டுகிற வேலையும் பிரிக்கிற வேலையும் பாதிக்குப் பாதி குறையும். சாமி படங்கள், குத்துவிளக்கு, டிவி, நகை, பத்திரங்கள் இவற்றுக்குக் காரைவிட நல்ல வழி கிடையாது.

மறைந்திருக்கும் செலவு என்ன? பெட்ரோலைச் சொல்லவில்லை, அது சின்னக் காசு. ஒவ்வொரு நடைக்கும் படி ஏறி இறங்குவது நீங்களேதான். லோரி என்றால் ஒரு நாளில் தீர்கிற முழங்கால் வலி, இதில் வாரம் முழுக்க நீளும். அப்புறம் இரண்டு வீட்டிலும் பாதிப் பாதி வாழ்வது. மிக்ஸி புது வீட்டில், மூடி பழைய வீட்டில். பிள்ளையின் பள்ளிச் சட்டை எங்கே என்று காலை ஆறரை மணிக்குத் தேடுவது. காலியான வீட்டில் சாமான் மட்டும் இருக்கிற ராத்திரிகளில் பூட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: பிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின், மெத்தை, கட்டில் என்று எப்படியும் காரில் ஏறாத சாமான் இருக்கும். கடைசியில் அதற்கு ஒரு வண்டி பிடித்தே ஆக வேண்டும். அதனால் கார் மட்டும் என்பது, அறை வாடகைக்கு இருந்தவர்களுக்கும், பெரிய சாமான் எல்லாம் வீட்டோடு வந்தது என்று இருப்பவர்களுக்கும், புதுசாகக் கல்யாணமாகி இன்னும் சாமான் சேராதவர்களுக்கும்தான் பொருந்தும்.

## நாமே கட்டி, லோரி மட்டும் பிடிப்பது

ஊரில் பெரும்பாலோர் செய்வது இதுதான். தெரிந்த லோரிக்காரரை விசாரித்துப் பிடிப்பார்கள், இல்லையென்றால் லாலாமூவ் போன்ற செயலியில் கூப்பிடுவார்கள். மூன்று அறைப் பிளாட்டின் சாமான் ஒரு டன் லோரியில் ஒரே நடையில் ஏறுமா என்று கேட்டால், கஷ்டம். அதன் தட்டு ஏறத்தாழ பத்தடி நீளம். பிரிட்ஜ், மெஷின், சோபா, இரண்டு மெத்தை, சாப்பாட்டு மேசை ஏறியதுமே முக்கால்வாசி நிறைந்துவிடும். மிச்சப் பெட்டிகளுக்கு இன்னொரு நடை. பெட்டிகள் முன்னாலேயே காரில் போயிருந்தால் ஒரு டன்னே போதும். மூன்று டன் லோரி என்றால் எல்லாம் ஒரே நடையில் போகும், ஆனால் அது பிளாட் வாசலில் நிற்க இடம் வேண்டும்.

விலை பேசும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள், லோரிக்காரர் ஏமாற்றுவதால் என்று சொல்ல முடியாது, நாம் கேட்காததால். போன் போட்டு "கூலிம்லேருந்து பாடாங் செராய், எவ்வளவு?" என்றால் வண்டிக்கான விலையைத்தான் சொல்வார். தூக்குவதற்கு ஆள் உண்டா, அதற்குத் தனிக் காசா, மாடிக்கு ஒரு கணக்கா, இரண்டாவது நடைக்கு எவ்வளவு, சாமான் ஏற்றும்வரை காத்திருக்கும் நேரத்துக்குக் காசா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. பிரிட்ஜ் இரண்டு கதவா, மெத்தை எத்தனை என்ற பேச்சே வராது. செயலியில் காட்டுகிற விலையிலும் இதே சங்கதி: ஓட்டுநர் தூக்க வேண்டுமானால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நாள் பார்ப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கெடாவில் பள்ளிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் வெள்ளி, சனிதான் விடுமுறை. சனிக்கிழமை காலை பிளாட் வாசல் முழுக்கக் கார்கள் நிற்கும், இரண்டாவது வரிசையிலும் நிற்கும். லோரி ஐம்பதடி தள்ளி நின்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஐம்பதடி கூடுதல் நடை. ஞாயிறு காலை பள்ளிக்கும் அரசாங்க வேலைக்கும் போகிறவர்கள் கிளம்பியிருப்பார்கள், வாசலில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லோரி சொல்லிவிட வேண்டாம். நம் பக்கம் முற்பகல் ராகு காலம் என்று பெரியவர்கள் நிறுத்தி வைப்பார்கள், அது முடிந்ததும் லோரி ஓட்டுநர் தொழுகைக்குப் போய்விடுவார். சாமான் பாதி ஏறிய லோரி வெயிலில் நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாறுவதில்லை என்பதால் ஆடி பிறப்பதற்கு முந்தைய நாட்களில் எல்லோருக்கும் அவசரம். நாள் நட்சத்திரம் பார்க்காதவர்களுக்கு ஆடி மாதம் நல்ல வசதி, விலையும் கொஞ்சம் பேசலாம்.

மழையைப் பொறுத்தவரை, வடமேற்கில் ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் கனத்த மழைக் காலம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கொட்டும். காலை எட்டு மணிக்கு லோரி வந்து நிற்கட்டும். தார்ப்பாய் இருக்கிறதா என்பதையும் அந்த வாட்ஸ்அப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: சொந்தக்காரர்கள். "சும்மா வந்து தூக்கிக் கொடுப்பாங்க" என்று நினைப்போம். காலை நாசி லெமாக், நடுவில் ஐஸ் மைலோ, மதியம் சாப்பாடு, போகும்போது பெட்ரோல் காசு. அதுகூடப் பரவாயில்லை. நாளைக்கு அவர் வீடு மாறும்போது நமக்கு இரவு ஷிப்டாக இருந்தாலும் போய் நிற்க வேண்டும். யாராவது முதுகு பிடித்துக்கொண்டால் அது குடும்பத்தில் பத்து வருடம் பேசப்படும். கூலிக்கு இரண்டு ஆளைப் பிடிப்பது பல நேரம் மலிவு. சொந்தக்காரர்களைக் கட்டுவதற்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் கூப்பிடுங்கள், தூக்குவதற்கு வேண்டாம்.

## கட்டி, ஏற்றி, இறக்கித் தரும் கம்பெனி

சுங்கை பட்டாணியிலிருந்தும் பினாங்குப் பக்கமிருந்தும் வருகிறார்கள். அட்டைப் பெட்டி, குமிழி பிளாஸ்டிக், சுற்றும் பிளாஸ்டிக் எல்லாம் அவர்களே கொண்டு வருவார்கள். பழகிய ஆட்கள். மெத்தையை முதுகில் வைத்துக்கொண்டு நாலு மாடி இறங்குவது அவர்களுக்குத் தினசரி வேலை. வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரியோ முழங்கால் வலிக்கும் பாட்டியோ இருந்தால், கணவன் மனைவி இரண்டு பேருக்கும் விடுப்பு ஒரு நாள்தான் என்றால், சாவி ஒரே நாளில் கைமாற வேண்டும் என்றால், இதற்குக் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் எதையும் கழிக்க மாட்டார்கள். உடைந்த குடை, தீர்ந்த பேட்டரி, மூடியில்லாத ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் மரியாதையாகப் பெட்டிக்குள் போய், காசு கொடுத்துப் புது வீட்டுக்கு வந்து சேரும். "சமையலறை 3" என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். கடுகு அதில்தான் இருக்கிறதா என்பது பிரித்தால்தான் தெரியும். பூஜையறையை அவர்கள் கையில் விடப் பெரும்பாலோருக்கு மனம் வராது. கேஸ் தோம்பை, அதாவது சிலிண்டரை, பலர் ஏற்ற மாட்டார்கள். கட்டில் கழற்ற, ஏர்கோன் இறக்க, மாடிக்கு என்று தனித்தனி விலை சேரும். ஏதாவது உடைந்தால் எவ்வளவு வரை ஈடு தருவார்கள் என்பதை ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பொறுப்பில்லை என்று சொல்வது சகஜம்.

நிதானமாகச் சொன்னால், ஊருக்குள்ளேயே மாறும் 650 சதுர அடி வீட்டுக்கு முழுச் சேவை தேவைப்படுகிறவர்கள் குறைவு. தேவைப்படுகிறவர்கள் தயங்கவும் வேண்டாம்.

## எதில் கட்டுவது

கம்பெனி வராவிட்டால் பெட்டி தேடுவது நம் வேலை. காசு கொடுத்துப் புதுப்பெட்டி வாங்க அவசியமில்லை.

| எதில் | எதற்கு நல்லது | கவனம் |
|---|---|---|
| மளிகைக் கடை, சூப்பர்மார்க்கெட் அட்டைப் பெட்டி | டப்பா, பாத்திரம், விளையாட்டுச் சாமான் | கரப்பான் முட்டை, எண்ணெய்க் கறை பார்த்து எடுங்கள் |
| ஏ4 தாள் பெட்டி | புத்தகம், கோப்பு, கண்ணாடிப் பாத்திரம் | பள்ளியிலோ கிளினிக்கிலோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள் |
| கட்டம் போட்ட பெரிய பை | துணி, தலையணை, திரைச்சீலை | கனம் வைத்தால் கைப்பிடி பிய்ந்துவிடும் |
| மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி | மளிகை, பத்திரம், மழையில் நனையக் கூடாதவை | ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் மூடி நடுவில் உடையும் |
| வாளி, பெரிய பானை, அழுக்குத்துணிக் கூடை | இடுக்கில் போகும் சில்லறைச் சாமான் | காரில் போகட்டும், லோரியில் கவிழும் |

ஏ4 பெட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து ரீம் தாள், பதினோரு பன்னிரண்டு கிலோ தாங்குவதற்கென்றே செய்த பெட்டி, மூடியோடு வருகிறது, எல்லாம் ஒரே அளவு. நாலு மாடி இறக்கும் பெட்டிக்கு அதுவே சரியான எடை. கையில் கணக்கு வேண்டுமானால், கடையில் வாங்கும் பத்துக் கிலோ அரிசிப் பையைவிடக் கொஞ்சம் கூடலாம், அதற்கு மேல் வேண்டாம். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போட்டால் தூக்குகிறவர் மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் இறங்குவார்.

பீங்கானைச் சுற்றப் பழைய நாளிதழ் இப்போது எல்லார் வீட்டிலும் இல்லை. துண்டு, சாரோங், பிள்ளைகளின் பனியன் எல்லாம் சுற்றப் பயன்படும், துணியும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். தட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். கிரைண்டரை அப்படியே தூக்க வேண்டாம். குழவிக் கல்லைத் தனியாக எடுத்துப் பழைய துண்டில் சுற்றிக் காரில் முன் சீட்டுக்குக் கீழே வைத்துவிடுங்கள். பிரேக் போட்டால் உருளாது.

பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகி வடிந்த பிறகு கதவை ரஃபியா கயிற்றால் கட்டுங்கள். நிறுத்தியபடியேதான் ஏற்ற வேண்டும். படியில் சாய்த்தோ படுக்க வைத்தோ கொண்டு வந்திருந்தால் சில மணி நேரம் நிற்கவிட்டுப் பிறகு பிளக் போடுங்கள். கேஸ் தோம்பை வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி வைத்துக் கொண்டு போக வேண்டும். மூடிய கார் பின்பெட்டிக்குள் படுக்கப் போட்டு வெயிலில் ஓடக் கூடாது. முடிந்தால் பழைய வீட்டிலேயே தீர்த்துவிட்டுக் காலித் தோம்போடு போங்கள்.

## கலந்து செய்வது

இரண்டு சாவியும் நாலைந்து நாள் கையில் இருந்தால் நான் சொல்வது இதுதான். உடைவதும் மென்மையானதும் காரில், பெட்டியில்லாமல். பெரியதும் கனமானதும் கடைசி நாள் ஒரு டன் லோரியில், கூலிக்கு இரண்டு ஆளோடு. மூன்று டன் தேவைப்படாது, இரண்டாவது நடையும் தேவைப்படாது. கம்பெனிக்குக் கொடுக்கும் காசில் பெரும் பங்கு பெட்டிக்கும் கட்டும் கூலிக்கும்தான் போகிறது. அந்த இரண்டும் இதில் இல்லை.

முதல் கார் நடையில் போக வேண்டியது சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பால் காய்ச்சும் பானை. நல்ல நேரத்தில் பால் பொங்கவிட்டுவிட்டால், மற்ற சாமானை எந்த நாளில் ஏற்றினாலும் பெரியவர்கள் அதிகம் சொல்ல மாட்டார்கள். லோரியை உங்கள் வசதிக்கும் வாகன இடத்துக்கும் ஏற்ற நாளில் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே நாள் பார்க்கிற சண்டை பாதி தீரும்.

கழிக்க வேண்டியதை லோரி வருவதற்கு ஒரு வாரம் முன்பே கழித்துவிடுங்கள். ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரி இரும்பு, கெட்டுப்போன மெஷின், பழைய பேட்டரி எல்லாம் எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் காசும் தரும். மெத்தையையும் உடைந்த சோபாவையும் அது எடுக்காது. அவற்றைப் படிக்கட்டுக்குக் கீழே விட்டுவிட்டுப் போகாமல், குப்பை எடுக்கும் நிறுவனத்திடம் பெரிய சாமான் எடுக்கும் நாளைக் கேட்டு வெளியே வையுங்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எண் தெரியப் படம் எடுங்கள். காலி வீட்டை அறை அறையாக, குழாயைத் திறந்து மூடி, விளக்கைப் போட்டு அணைத்து ஒரு வீடியோ எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாத வாடகை முன்பணமும் தண்ணீர், மின்சாரத்துக்குக் கட்டிய அரை மாதப் பணமும் அவரிடம் இருக்கிறது. மீட்டர் உங்கள் பெயரில் இருந்தால் மின்சாரத்துக்குத் தெனாகாவிலும் தண்ணீருக்குச் சாடாவிலும் கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே கட்டிய வைப்புத்தொகையையும் கேட்டு வாங்குங்கள். லோரிக் காசில் ஒரு பகுதி அதிலேயே திரும்பி வரும்.